மூன்று லட்சம் வாட் ரேடார் வால்வு, ஹாம் மேசையில் நூறு வாட்டைத் தாண்டாதது ஏன்?

தொண்ணூறுகளில் ஸ்பீக்கர் வாங்கப் போனவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற சொல் நன்றாக நினைவிருக்கும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் பக்கத்து அறைக்கே சரியாகக் கேட்காது. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று இன்னொரு எண் இருக்கும். நிஜமான கணக்கு அதுதான்.

இதே குழப்பம் ஹாம் ரேடியோ உலகில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. அங்கே ஸ்பீக்கருக்குப் பதில் ரேடார் வால்வு. ஏமாந்தால் போவது சில நூறு ரூபாய் மட்டுமல்ல, உயிரும் போகலாம்.

ராணுவம் கழித்துப்போட்ட ரேடார் வால்வுகளை வாங்கி, அதை வைத்து ஹாம் ரேடியோவுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்வது ஒரு பழைய வழக்கம். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பெரிதாகப் பரவியது. சோவியத் யூனியன் சிதறிய பிறகு ரஷ்ய, உக்ரைன் வால்வுகள் சந்தைக்கு வர, இரண்டாவது அலை கிளம்பியது. இன்றும் ஆன்லைனில் அந்த வால்வுகள் விற்பனைக்கு இருக்கின்றன. விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. வகை எண்தான்.

ஹாமுக்கு எதற்கு இவ்வளவு பவர்?

அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியீடும் வாங்கி, சொந்தச் செலவில் வானொலி நிலையம் வைத்திருப்பவர்கள்தான் ஹாம்கள். வியாபாரத்துக்கு அனுமதி இல்லை. ஊர் ஊராக, நாடு நாடாகப் பேசலாம், பரிசோதனை செய்யலாம், பேரிடர் நேரத்தில் உதவலாம். 2004 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழு, தகவல் தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்தது பலருக்கு நினைவிருக்கும்.

கடையில் கிடைக்கும் ஹாம் கருவி ஒன்றின் வழக்கமான திறன் 100 வாட். நல்ல ஆன்டெனா இருந்தால் அதிலேயே உலகைச் சுற்றலாம். அதை 1000 வாட் ஆக்கினால் எதிர்முனையில் கூடுவது 10 டெசிபல். ரிசீவரின் மீட்டரில் இரண்டு கோடு ஏறினால் பெரிய விஷயம். பத்து மடங்கு பவருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கும் இடத்தில் அந்த இரண்டு கோடுதான் பேச்சு கேட்பதா, கேட்காமல் போவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

நிலாவில் மோதித் திரும்பும் சிக்னலில் பேசுபவர்களுக்கு இது இன்னும் கறாரான கணக்கு. நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. போய்த் திரும்ப சுமார் இரண்டரை நொடி. 144 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னல் இந்தப் பயணத்தில் ஏறக்குறைய 250 டெசிபல் இழக்கிறது. ஒன்றுக்குப் பின்னால் 25 சைபர் போட்டு வகுத்தால் கிடைப்பதுதான் திரும்பி வரும் பங்கு. இங்கே ஒவ்வொரு வாட்டும் காசு.

அனுமதிக்கப்படும் திறன் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் உச்சவரம்பு 1500 வாட். அதை எட்டும் ஆம்ப்ளிஃபயர் கடையில் வாங்கினால் விலை எகிறும். அதனால்தான் கண் ராணுவக் கழிவுப் பக்கம் போகிறது.

ஒரு மைக்ரோ நொடி வாழ்க்கை

ரேடார் வால்வு என்றதும் பலருக்கு மேக்னட்ரான் நினைவுக்கு வரும். 1940-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கியது, இன்று சமையலறை மைக்ரோவேவ் அவனுக்குள் உட்கார்ந்து சாதத்தைச் சூடாக்குகிறது. ஆனால் அது தானாக அலையை உண்டாக்கும் சாதனம். உள்ளே கொடுக்கும் சிக்னலைப் பெரிதாக்கித் தரும் வேலையை அது அப்படியே செய்யாது. ஹாம்கள் தேடுவது ரேடாரின் மற்ற பாகங்களில் இருக்கும் ட்ரையோடு, டெட்ரோடு வகை வால்வுகளை.

ரேடார் இடைவிடாமல் அலை அனுப்புவதில்லை. ஒரு வெட்டு வெட்டிவிட்டு, எதிரொலிக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும். ஒரு மைக்ரோ நொடி நீளமுள்ள துடிப்பை நொடிக்கு ஆயிரம் முறை அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு நொடியில் வால்வு உண்மையில் வேலை செய்யும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு. மீதி நேரம் ஓய்வு. துடிப்பின்போது 2 லட்சம் வாட் வெளியே போனாலும் சராசரி வெறும் 200 வாட்தான்.

வால்வைச் சாகடிப்பது அந்தச் சராசரி. உள்ளே போகும் மின்சாரத்தில் அலையாக மாறாத பகுதி, ஆனோடு தகட்டில் வெப்பமாக இறங்குகிறது. துடிப்பு முடிந்ததும் தகடு ஆற நேரம் கிடைத்தால் பிரச்சினை இல்லை. ஓய்வே கொடுக்காமல் ஓட்டினால் தகடு சிவக்கும், உள்ளே வாயு கசியும், கதை முடியும். கேத்தோடும் அப்படித்தான். ஆக்சைடு பூசிய கேத்தோடு சில மைக்ரோ நொடிகளுக்கு மலைக்கும்படி எலெக்ட்ரான்களைக் கொட்டும். அதே அளவைத் தொடர்ந்து கேட்டால் தராது.

சரி, அப்போ டேட்டாஷீட்டில் பொய் எழுதினார்களா? இல்லவே இல்லை. ரேடார் பொறியாளருக்குத் தேவையான எண்ணை அவர்கள் எழுதினார்கள். ஹாமுக்குத் தேவையான எண் அதே தாளில் வேறொரு வரியில் இருக்கிறது. ‘ஆனோடு தாங்கும் வெப்பம்’ என்ற வரி.

இரண்டு வால்வு, இரண்டு தலையெழுத்து

அமெரிக்காவின் 4பிஆர்60ஏ ஒரு நல்ல உதாரணம். ரேடாரில் மேக்னட்ரானுக்கு உயர் அழுத்தத் துடிப்பைத் திறந்துவிடும் சுவிட்சாக வேலை பார்த்த டெட்ரோடு. அது 20 கிலோவோல்ட் தாங்கும், துடிப்பில் 18 ஆம்பியர் விடும். இரண்டையும் பெருக்கினால் 3,60,000 வாட். கேட்டாலே கை துறுதுறுக்கும். ஆனோடு தாங்கும் வெப்பமோ 60 வாட். பழைய குண்டு பல்பு அளவு.

இதை இடைவிடாத சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயராக மாற்றினால் என்ன கிடைக்கும்? உள்ளே போவதில் 60 சதவீதம் அலையாக வெளியேறுகிறது என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், வெப்பமாகும் 40 சதவீதம் 60 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆக உள்ளே 150, வெளியே 90 வாட். ஏற்கெனவே மேசையில் இருக்கும் 100 வாட் பெட்டியே மேல்! பேச்சுக்கு மட்டும் ஓட்டினால், பேச்சில் இடைவெளிகள் இருப்பதால் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அதற்காக இவ்வளவு பாடு தேவையா என்பதே கேள்வி.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுவிட்ச் வேலைக்குப் பிறந்த வால்வுக்குத் தெரிந்தது ‘ஆன்’, ‘ஆஃப்’ இரண்டும்தான். குரலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பெரிதாக்கும் நேர்த்தி அதனிடம் எதிர்பார்க்கப்படவில்லை. அதை வற்புறுத்திப் பேசவைத்தால் சிக்னல் அக்கம்பக்க அலைவரிசைகளில் சிந்தும். பாதிக்கப்படுவது பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் இன்னொரு ஹாம்.

மறுபக்கம் சோவியத்தின் ஜிஐ-7பி. பெயரிலேயே ஜாதகம் எழுதியிருக்கிறது. முதல் எழுத்து அலை உண்டாக்கும் வால்வு என்பதற்கு, இரண்டாவது ‘இம்பல்ஸ்’, அதாவது துடிப்பு, கடைசி எழுத்து விசிறிக் காற்றில் குளிர்விக்க வேண்டும் என்பதற்கு. ரஷ்யர்களின் இந்தப் பெயரிடும் முறையை ஒருமுறை தெரிந்துகொண்டால் பாதி டேட்டாஷீட்டைப் படித்த மாதிரி. துடிப்பில் 9 கிலோவோல்ட் வரை போகும் இந்தக் கையடக்க ட்ரையோடு, விசிறி இருந்தால் 350 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து தாங்குகிறது. ஆகவே 9 கிலோவோல்ட்டை மறந்துவிட்டு, 2 முதல் 2.5 கிலோவோல்ட்டில் ஓட்டுகிறார்கள். ஒரு வால்வில் 400, 500 வாட் நிம்மதியாக வருகிறது. இரண்டை இணைத்தால் ஒரு கிலோவாட். சிற்றலையில் தொடங்கி 432 மெகாஹெர்ட்ஸ், 1296 மெகாஹெர்ட்ஸ் வரை இதை வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டியிருக்கிறார்கள். கிழக்கு ஐரோப்பாவில் ஒரு தலைமுறை ஹாம்களுக்கு ‘பெரிய சிக்னல்’ கொடுத்தது இதுதான் என்றால் மிகையில்லை.

இரண்டும் துடிப்பு வால்வுதான். ஒன்று பொம்மை, ஒன்று புதையல். கொட்டை எழுத்தைப் பார்த்து வாங்கினால் முதலாவதுதான் பெரிதாகத் தெரியும்.

உண்மையில் யாரிடமிருந்து யார் எடுத்தது?

‘ராணுவச் சரக்கை ஹாம்கள் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்’ என்பது வழக்கமான பேச்சு. வரலாறு கொஞ்சம் தலைகீழ். கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 1934-ல் பில் ஐடெல், ஜாக் மெக்கல்லா என்ற இரண்டு ஹாம்கள் சேர்ந்து ஐமாக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வால்வு செய்தது ஹாம்களுக்காக. ஹாம்கள் வால்வைக் கொடுமைப்படுத்துவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்களே அந்த ஜாதிதானே. அதனால் டான்டலம் தகடு போட்டு, உள்ளிருக்கும் காற்றைக் கடைசித் துளி வரை உறிஞ்சி எடுத்து, அளவுக்கு மீறிய வோல்ட் கொடுத்தாலும் தாங்கும்படி செய்தார்கள்.

அந்த நேரத்தில் அமெரிக்கக் கடற்படையும் தரைப்படையும் ரேடாரை உருவாக்கிக்கொண்டிருந்தன. துடிப்பில் பல மடங்கு அழுத்தம் கொடுத்தால் மற்ற வால்வுகள் விழுந்தன, ஹாம் வால்வு நின்றது. ஐமாக்கின் 100டிஹெச் இப்படித்தான் ஆரம்பகால ரேடார்களுக்குள் போனது. போர் முடிந்ததும், மிச்சமிருந்த வால்வுகளை அரசு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட, அவை ஹாம்களிடமே திரும்பி வந்தன. பாவம் ஐமாக். போருக்குச் செய்துகொடுத்த சொந்தச் சரக்கே சந்தையில் போட்டியாக வந்து நின்றது. அதைச் சமாளிக்க, பழைய ட்ரையோடுகளை யாரும் சீண்டாதபடி 4-125ஏ, 4-250ஏ என்ற புதிய டெட்ரோடுகளை முன்னிறுத்த வேண்டியிருந்தது.

நிலாவுக்கும் முதலில் போனது ரேடார்தான். 1946 ஜனவரி 10 அன்று நியூ ஜெர்சியின் கேம்ப் எவான்ஸில், மாற்றியமைத்த எஸ்சிஆர்-271 ரேடாரிலிருந்து அமெரிக்க ராணுவம் 111.5 மெகாஹெர்ட்ஸில் சிக்னலை அனுப்பி, இரண்டரை நொடி கழித்து எதிரொலியைக் கேட்டது. அந்தக் குழுவின் தலைவர் ஜான் டிவிட் ஒரு ஹாம். மைக்ரோ நொடித் துடிப்பு அங்கே எடுபடாது என்பதால் கால் நொடி நீளத் துடிப்பை அனுப்பினார்கள். மூன்றரை லட்சம் வாட் காகிதப்புலி எதுவும் இந்த வேலைக்கு ஆகியிருக்காது. நீளமாக மூச்சுப் பிடிக்கும் வால்வுதான் தேவைப்பட்டது. 1960 ஜூலையில் 1296 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஹாம் நிலையங்கள் நிலா வழியாக முதல்முறை பரஸ்பரம் பேசிக்கொண்டபோது, அவற்றில் ஒன்று ஐமாக் ஊழியர்களின் ரேடியோ கிளப்.

156 ஜூல்

பேசித் தீராத விஷயம் ஆபத்து. டிரான்சிஸ்டர் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், போன் சார்ஜர்தான் பழக்கம். வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஆனோடு சப்ளை 2500 வோல்ட். அதைச் சீராக வைத்திருக்க 50 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் பேங்க் இருந்தால், அதில் தேங்கி நிற்கும் ஆற்றல் 156 ஜூல். மருத்துவமனையில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க டிஃபிப்ரிலேட்டர் கொடுக்கும் அதிர்ச்சியும் ஏறக்குறைய இதே அளவு. ஓடிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

‘பிளக்கைப் பிடுங்கிட்டேன், இனி பயமில்ல’ என்ற நினைப்புதான் ஆளைக் கொல்வது. கரண்ட் போன பிறகும் கெபாசிட்டர் நிறைந்தே இருக்கும். அதை வடியவைக்கும் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் நெடுநேரம் அப்படியே இருக்கும். அதனால் மூடியைத் திறந்தால் தானாகவே சப்ளையை வெட்டும் சுவிட்ச், எர்த் செய்த கம்பியுடன் நீண்ட காப்பிட்ட குச்சி, அந்தக் குச்சியால் தொட்ட பிறகே கை வைக்கும் பழக்கம், ஒரு கை எப்போதும் சட்டைப்பையில், அறையில் கூட இன்னொரு ஆள். பழைய ஹாம்கள் இதை மந்திரம் மாதிரி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சர்க்யூட் படத்தை மட்டும் பகிர்ந்துவிட்டு இந்தப் பகுதியை விட்டுவிடுபவர்கள் செய்வது உதவி ஆகாது. ஹாம் கிளப்புகள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். முதல் ஆம்ப்ளிஃபயரைத் தனியாக உட்கார்ந்து கட்ட யாரையும் ஊக்கப்படுத்தக் கூடாது.

வேறு சில கண்ணிகளும் உண்டு. 15, 20 கிலோவோல்ட்டில் ‘சும்மா போட்டுப் பார்க்கலாம்’ என்று ஓட்டினால் சில வால்வுகள் எக்ஸ்-கதிர் விடும். சில செராமிக் வால்வுகளில் பெரிலியம் ஆக்சைடு இருக்கிறது. முழுதாக இருக்கும்வரை தொல்லை இல்லை, உடைத்தாலோ அரைத்தாலோ அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். பழைய ரேடார்களில் ரிசீவரைக் காக்கும் சிறு வாயுக் குழாய்கள் சிலவற்றுக்குள் கதிரியக்கப் பொருளே வைத்திருந்தார்கள். மூட்டையாக வாங்கும் ராணுவக் கழிவில் எது எது என்று தெரியாமல் கை விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

இந்தக் காலத்தில் இது தேவையா?

நேர்மையாகச் சொன்னால், பவர் மட்டும்தான் வேண்டும் என்றால் தேவையில்லை. பிஎல்எஃப்188எக்ஸ்ஆர் என்ற உள்ளங்கைக்குள் அடங்கும் ஒற்றை டிரான்சிஸ்டர் 50 வோல்ட்டில் 1400 வாட் தருகிறது. ஹீட்டர் சூடாகக் காத்திருக்க வேண்டாம், 2500 வோல்ட் பயமும் இல்லை. ஆன்டெனா பொருந்தாமல் சில நொடி தடுமாறினால் வால்வு மன்னிக்கும், டிரான்சிஸ்டர் மன்னிக்காது என்பது மட்டும் மிச்சமிருக்கும் வித்தியாசம்.

இன்னொரு பக்கம், பவரின் தேவையே குறைந்துவிட்டது. இயற்பியலுக்காக 1993-ல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலைத் தோண்டி எடுக்கும் மென்பொருள்களை அவர் எழுதிய பிறகு, எதிர்முனையில் பெரிய நிலையம் இருந்தால் நூறு சொச்சம் வாட்டிலும் ஒற்றை ஆன்டெனாவிலும் நிலா வழித் தொடர்பு சாத்தியமாகிவிட்டது. ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம். 2017-ல் வந்த எஃப்டி8 முறையில் 15 நொடிக்கு ஒரு சுற்று, அதில் 12.64 நொடி முழு பவரில் சிக்னல் போகும். பேச்சில் கிடைக்கும் இடைவெளி இங்கே கிடையாது. ‘பேச்சுக்கு 500 வாட் தாங்குது’ என்று நம்பி வால்வை எஃப்டி8-ல் விட்டவர்கள், ஆனோடு சிவப்பதைப் பார்த்து ஓடிவந்து நிறுத்திய கதைதான் அதிகம். மைக்ரோ நொடிகளுக்காகப் பிறந்த வால்வுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

அப்படியானால் இந்தக் கலை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதுதானா? அவசரப்பட வேண்டாம். இதே பொறி டிரான்சிஸ்டரிலும் காத்திருக்கிறது. விமானங்களின் டிரான்ஸ்பாண்டர், எல்-பேண்ட் ரேடார் ஆகியவற்றுக்காகச் செய்த டிரான்சிஸ்டர்கள் இப்போது கழிவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. ‘500 வாட்’ என்று தலைப்பு. துடிப்பில் 500. 1296 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்து அலைவரிசை என்பதால் ஆசை வருவது இயல்பு. ஜிஐ-7பி-யின் இரண்டாவது எழுத்தைப் படிக்கக் கற்றவர் இந்த டேட்டாஷீட்டிலும் துடிப்பின் நீளம், ஓய்வின் நேரம் என்ற இரண்டு வரிகளைத் தேடுவார். கல்லாதவர் முதல் ஐந்து நிமிடத்தில் அதைப் பொசுக்குவார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ஒரு ஜிஐ-7பி வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது பொறுமையாக இருப்பது. முப்பது, நாற்பது ஆண்டு பெட்டியில் தூங்கிய வால்வுக்குள் கொஞ்சம் வாயு சேர்ந்திருக்கும். எடுத்த எடுப்பில் 2500 வோல்ட் கொடுத்தால் உள்ளே மின்னல் வெட்டி அங்கேயே ஆயுசு முடியலாம். ஆகவே வேறெந்த இணைப்பும் இல்லாமல் ஹீட்டருக்கு மட்டும் 12.6 வோல்ட் கொடுத்து, சின்ன விசிறி ஒன்றை ஓடவிட்டு, ஒரு நாள் முழுக்க எரியவிடுவார்கள். மறுநாள் ஆனோடுக்குக் குறைந்த வோல்ட் கொடுத்து, மில்லியம்மீட்டர் முள்ளின் மேல் கண் வைத்துக்கொண்டு, படிப்படியாக மேலே ஏற்றுவார்கள். முள் துள்ளினால் இறக்கிவிட்டு, இன்னும் சில மணி நேரம் ஹீட்டர் மட்டும்.